மத்தியான மூட்டைகள்

என் இடது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்கு முடி இருக்காது. பத்து வருஷம் அப்படித்தான் இருந்தது. தீக்காயமா, சொறியா என்று புதிதாகப் பார்ப்பவர்கள் கேட்பார்கள். இரண்டும் இல்லை. தினமும் காலையில் என் மடக்குக் கத்தியைத் தீட்டி முடித்ததும் அந்த இடத்தில்தான் வைத்து இழுத்துப் பார்ப்பேன். முடி சத்தமில்லாமல் உதிர்ந்தால் கத்தி தயார். உதிராவிட்டால் மறுபடியும் கல். "ஒரு கை ஆம்பளக் கை, ஒரு கை பொம்பளக் கை. உங்களோட கோயிலுக்கு வர்றப்போ எந்தப் பக்கம் நடக்கறதுன்னே தெரியல" என்பாள் என் மனைவி. அவள் கேலி செய்யச் செய்ய எனக்குப் பெருமைதான் ஏறும்.

அந்தப் பெருமைக்குக் காரணம் என் வேலை. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டி, ஜாதிக்காய் வாங்கிக் கப்பலேற்றும் ஒரு சீன முதலாளியின் குடோனில் நான் காய் வெட்டிப் பார்ப்பவனாக இருந்தேன். முதலாளியைத் தவுக்கே என்போம். காதில் பென்சில் செருகியிருந்ததால் என்னையும் கிராணி, அதாவது குமாஸ்தா, என்று கூப்பிட்டார்கள். மற்ற கிராணிகள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேனா பிடித்தார்கள். நான் ஒரு பலகைக்குப் பின்னால் நின்று கத்தி பிடித்தேன். ஆனால் தோட்டக்காரர்கள் பயந்தது என்னைப் பார்த்துத்தான். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேலை இதுதான். மூட்டை வந்து இறங்கும். அதைக் கட்டியிருக்கும் பிரம்பையும் தார்க்கயிற்றையும் அறுத்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பத்துக் காய் எடுப்பேன். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து, கத்தியை மேலே வைத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து. காய் இரண்டாகப் பிளக்கும். நல்ல காயின் உள்முகம் சந்தன நிறத்தில், பழுப்பு வரி ஓடி, எண்ணெய் மினுமினுக்கும். சொத்தைக் காய் மாவாக உதிரும். பத்தில் மூன்று உதிர்ந்தால் மூட்டையின் மேல் காவியால் பெருக்கல் குறி போடுவேன். அது எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் ஒரே ஒரு நேர்க்கோடு. அது முதல் தரம்.

குடோனில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒருவருடைய சரக்கு முழுவதையும் ஒரே ஆள், ஒரே கத்தியால் வெட்ட வேண்டும். நடுவில் ஆள் மாறக்கூடாது, கத்தி மாறக்கூடாது, கல்லைத் தேடி ஓடவும் கூடாது. இரண்டாவது, காவி விழுந்த மூட்டை விழுந்ததுதான். மறுபடி வெட்டுவது, அழிப்பது எதுவும் கிடையாது. முன்பெல்லாம் குறி போட்டவுடன் ஆளாளுக்கு, இன்னும் பத்துக் காய் எடு, அந்த மூலையில் எடு, இந்த மூலையில் எடு என்று சண்டைக்கு வருவார்களாம். தவுக்கே ஒரே நாளில் அதற்கு முடிவு கட்டிவிட்டார். எனக்கு அந்தச் சட்டம் மிகவும் வசதியாக இருந்தது.

கத்தியை ஒரு கப்பல் மெக்கானிக்கிடம் வாங்கினேன். எலும்புப் பிடி, தடித்த முதுகு, மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். இரும்பு அருமையான இரும்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை முழுக்கத் தீட்டியவனிடம். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி ஒரு பார்பர் கடை இருந்தது. அங்கே சவரக்கத்தி தீட்டுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. உடைந்த கல் ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி வந்தேன். அலகைக் கல்லின் மேல் அநேகமாகப் படுக்கவைத்து, எண்ணெய் விட்டு, மெல்ல மெல்ல இழுத்து, பிறகு பழைய பெல்ட்டின் உள்தோலில் முப்பது தடவை தேய்ப்பேன். கத்தியின் வெட்டுவாய் அவ்வளவு மெல்லிசாகிவிடும். தாடி மழிக்கும் கத்திக்கு எதிரே இருப்பது தாடி, என் கத்திக்கு எதிரே இருப்பது பிரம்பும் தார்க்கயிறும் காய்ந்த ஜாதிக்காயும் என்ற சின்ன வித்தியாசம் எனக்குப் பத்து வருஷம் உறைக்கவில்லை.

வீட்டில் இருந்த அரிவாள்மணையும் மீன் கத்தியும் என் கல்லைப் பார்த்ததே இல்லை. அதெல்லாம் முரட்டு வேலைக்கு, என் கல் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி சண்டை போடவில்லை. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு படாமல் சொரசொரவென்று இருக்கும் வட்டத்தில், சமைக்கும் முன்னால் சரக் சரக்கென்று நாலு இழுப்பு இழுத்துக்கொள்வாள். எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. "இது தீட்டறதா, சுரண்டறதா?" என்று கேட்பேன். அவள் மீனை வெட்டிக் குழம்பில் போட்டுவிடுவாள்.

இப்போது என் மகா கண்டுபிடிப்பைச் சொல்லவேண்டும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதைச் சொல்லாமல் இந்தக் கதையே இல்லை. காலையில் வரும் மூட்டைகளில் சொத்தை குறைவாகவும், மத்தியானத்துக்கு மேல் வரும் மூட்டைகளில் அதிகமாகவும் இருப்பதை நான் கவனித்திருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்காக. இதைப் பற்றி யோசித்தேன். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சுறுசுறுப்பான ஆள் விடியற்காலையில் வண்டி கட்டுகிறான். அவன் காயைக் காலத்தில் பறித்து, காலத்தில் புரட்டிக் காய வைத்திருப்பான். சோம்பேறி பத்து மணிக்கு எழுந்து, சாவகாசமாக மத்தியானம் வருகிறான்; அவன் காய் சொத்தையாகாமல் வேறென்ன ஆகும்?

இதைக் குடோனில் சொன்னேன். காப்பிக் கடையில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். ஆளைப் பார்த்தே காயைச் சொல்லிவிடுவான் என்று எனக்குப் பெயர் வந்தது. தவுக்கேகூட ஒரு தடவை வெளியாள் ஒருவரிடம் என் சித்தாந்தத்தை மலாயில் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

முதல் உலக யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு ஒரு மாட்டுவண்டி குடோன் வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டு மூட்டை. பாலிக் பூலாவிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வந்த தமிழ் ஆட்கள். புருஷன் பெஞ்சாதி. புருஷன் வாய் திறக்காத மனிதர், மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சு முழுவதும் அந்த அம்மாதான். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருக்கலாம். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நேராக என் பலகைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, மாட்டுக்கு வழியில லாடம் கழண்டு போச்சு, அதான் லேட். நல்லாப் பாத்து வெட்டுங்க. இந்தத் தடவ முதல் தரச் சீட்டு இல்லாம வந்தா கெபுன வேற ஆளுக்கு விட்டுடுவேன்னு சொந்தக்காரரு சொல்லிட்டாரு. ஆறு வருஷமா அந்த மரத்துக்குத் தண்ணி சுமக்கறோம்."

கெபுன் என்றால் தோட்டம். மரம் அவர்களுடையது அல்ல, குத்தகை. பன்னிரண்டில் பாதிக்கு மேல் பெருக்கல் குறி விழுந்தால் முதல் தரச் சீட்டு கிடையாது, மரம் கையைவிட்டுப் போய்விடும். அவள் கெஞ்சிச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. என்னிடம் பேசுகிறவர்கள் கொஞ்சம் குனிந்து பேசிப் பழக்கம்.

அதற்குள் நான் அன்று எட்டு மூட்டை வெட்டியிருந்தேன். அவளுடைய மூட்டைகளைப் பிரம்பு நாரால் அவளே தைத்திருந்தாள் போலிருக்கிறது, அவ்வளவு நெருக்கமான தையல். ஒவ்வொன்றையும் கத்தியால் அறுத்துத் திறந்தேன். முதல் மூட்டை, பத்தும் நன்று. இரண்டு, மூன்று, நான்கு, நன்று. ஐந்தாவதில் இரண்டு காய் விளிம்பில் பொடிந்தன. கோடு போட்டுவிட்டேன். ஆறாவதில் மூன்று காய் மாவாக உதிர்ந்தன. பெருக்கல் குறி. ஏழாவதில் ஐந்து. எட்டாவதிலிருந்து எண்ணவே தேவைப்படவில்லை. பன்னிரண்டு முடிந்தபோது ஐந்தில் நேர்க்கோடு, ஏழில் பெருக்கல் குறி.

"புழு எங்க?" என்று கேட்டாள்.

"எந்தப் புழு?"

"சொத்தைன்னா புழு இருக்கணும். இல்ல புழு போன ஓட்டையாச்சும் இருக்கணும். இதுல ஓட்டையே இல்ல, வெறும் மாவுதான் இருக்கு. எங்க போச்சு புழு?"

நியாயமான கேள்வி. பத்து வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் முதலில் வரும். "புழு என்னா, உங்கிட்ட சொல்லிட்டா போகும்? வெட்டறப்போ நசுங்கியிருக்கும். சட்டம் தெரியும்ல, காவி விழுந்தா விழுந்ததுதான்" என்றேன்.

"எல்லாம் ஒரே மரத்துக் காய் அண்ணே. ஒரே பரண்ல காஞ்சது. ஒரே நாள்ல ஓடு ஒடச்சு, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்து அள்ளிக் கட்டினது. முதல் அஞ்சு நல்லது, மத்த ஏழு சொத்தை, அது எப்படி?"

"மத்தியானம் வர்ற சோம்பேறிங்க காய் இப்படித்தாம்மா இருக்கும்" என்று என் சித்தாந்தத்தைத் தூக்கிப் போட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பெருக்கல் குறி போட்ட மூட்டை ஒன்றின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "சீட்டு எழுதுங்க கிராணி" என்றாள். அதுவரை அண்ணன், அப்போது கிராணி.

எழுதித் தொலைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று காதிலிருந்து பென்சிலை எடுத்தேன். முனை உடைந்திருந்தது. வழக்கம்போல் கத்தியை வைத்துச் சீவினேன். மரம் சுருளாக வரவில்லை, பிய்ந்து வந்தது. அழுத்தினேன். உள்ளே இருந்த கரி முறிந்தது. இன்னொரு தடவை சீவினேன். மறுபடியும் சிராய் சிராயாகப் பிய்ந்தது, மறுபடியும் முறிந்தது. அதே பென்சிலை அன்று காலையில்தான் அதே கத்தியால் ஊசிபோலச் சீவியிருந்தேன்.

மூட்டை மேலிருந்து குரல் வந்தது.

"பென்சிலும் சொத்தையா, கிராணி?"

குடோனில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவள் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி, கத்தியை இடது முன்கையில் வைத்து இழுத்தேன். காலையில் மழித்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே, முடி இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் இழுத்தேன். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு முடி உதிரவில்லை.

வாசலுக்குப் போய் அலகை மல்லாத்தி வெயிலில் காட்டினேன். கூராக இருக்கும் வாய் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. மழுங்கினால் அங்கே வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளைக் கோடு தெரியும். என் கத்தியில் அடியிலிருந்து நுனி வரைக்கும் வெள்ளைக் கோடு. சில இடங்களில் மெல்லிய இரும்பு ஒரு பக்கமாகச் சுருண்டு மடங்கியிருந்தது. தினமும் காலையில் தீட்டியவன், பத்து வருஷத்தில் ஒரு மத்தியானம்கூட அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

உள்ளே வந்தேன். என்ன செய்கிறேன் என்று யோசித்தால் செய்திருக்கமாட்டேன். நான் நேர்க்கோடு போட்ட முதல் மூட்டையிலிருந்து ஒரு காயை எடுத்துப் பலகையில் வைத்து, என் கத்தியை வைத்து அழுத்தினேன். காய் பிளக்கவில்லை. நசுங்கி, மாவாக உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் மாவு. முதல் தரம் என்று நானே கோடு போட்ட மூட்டை.

அதைப் பார்த்தது நானும் அவளும்தான். மூட்டை அடுக்குகிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். இந்த இடத்தில் நான் மாவைப் பலகையிலிருந்து தட்டிவிட்டு, சட்டம் சட்டம்தான் என்று சீட்டு எழுதியிருக்கலாம். அந்த நினைப்பு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. அவள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால், என் குணத்துக்கு, அப்படித்தான் செய்திருப்பேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஒங்கிட்ட கத்தி இருக்கா?" என்று கேட்டேன்.

இடுப்பிலிருந்து எடுத்தாள். அதுவும் மடக்குக் கத்திதான். மரப்பிடி பிளந்து கம்பியால் கட்டியிருந்தது, அலகு கறுத்துப் போயிருந்தது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையில் கொடுக்காமல், குனிந்து பலகையின் மேல் வைத்தாள். "கத்தியக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்பாங்க. நமக்குள்ள இருக்கற சண்டையே போதும், எடுத்துக்குங்க" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். வாய் தடியாக, நல்ல சரிவாக இருந்தது. பழக்கதோஷத்தில் முன்கையில் வைத்தேன்.

"அது மழிக்காது கிராணி" என்றாள். "வெட்டும்."

பெருக்கல் குறி போட்ட மூட்டைகளில் அவள் உட்கார்ந்திருந்ததை விட்டுவிட்டு அடுத்ததில் கையை விட்டேன். பத்துக் காய். அந்த அவலட்சணமான கத்தியை வைத்து அழுத்த, பத்தும் பளிச்சென்று பிளந்தன. சந்தன நிறம், பழுப்பு வரி, எண்ணெய். அடுத்த மூட்டை, பத்தும். அவள் இறங்கி நின்றுகொண்டாள், அந்த மூட்டையும். ஏழிலும் எழுபது காய் வெட்டினேன். உண்மையிலேயே சொத்தையாக இருந்தவை இரண்டு; அவற்றில் புழுவின் ஓட்டை இருந்தது. எழுபதாவது காயையும் அந்தக் கத்தி முதல் காயைப் போலவே வெட்டியது.

இதற்குள் தவுக்கே எழுந்து வந்துவிட்டார். காவி விழுந்த மூட்டையில் நான் கை வைத்ததை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர் மலாயில் கேட்க, நான் மலாயில் சொன்னேன். குறி தப்பு, காய் தப்பில்லை, கத்தி மழுங்கிவிட்டது என்றேன். அவர் இரண்டு கத்திகளையும் எடுத்து, ஒரே மூட்டையிலிருந்து இரண்டு காய்களை வெட்டினார். ஒன்று பிளந்தது, ஒன்று உதிர்ந்தது. உதிர்ந்த மாவை விரலில் எடுத்து முகர்ந்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் என்னைக் கேட்டார்.

"கத்தி யாருது?"

"என்னுது, தவுக்கே."

"யாரு தீட்டினான்?"

"நான்தான்."

"அப்போ நீயே மாத்து லா" என்று மூட்டைகளைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாக்கில் ஏறிய காவி தண்ணீரிலும் போகாது, மண்ணெண்ணெயிலும் போகாது. ஒரே வழிதான் இருந்தது. ஏழு மூட்டையையும் தரையில் கொட்டி, சாக்கை உள்வெளியாகத் திருப்பி, மறுபடி அள்ளிப் போட்டு, தைத்து, புதிதாகக் கோடு போடவேண்டும். யாரையும் உதவிக்கு விடவில்லை. அந்த அம்மா மட்டும் கேட்காமலே ஒரு பக்கம் சாக்கைப் பிடித்துக்கொண்டாள். வாய் திறக்காத புருஷன் வந்து தையல் போட்டார். சாப்பாட்டுப் பொட்டலம் மூலையில் ஆறிக்கொண்டிருந்தது. சீட்டை மற்றொரு கிராணியின் பேனாவை வாங்கி எழுதினேன். பன்னிரண்டும் முதல் தரம். அவள் சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "வர்றேன் அண்ணே" என்றாள். மறுபடி அண்ணன் ஆனதில் எனக்கு அவ்வளவு ஆறுதல்.

வீட்டுக்கு டிராமில் போகும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஏறும்போது பசிதான் இருந்தது, இறங்கும்போது பசி போய்விட்டது. மத்தியானத்துக்கு மேல் வந்தவர்கள். பத்து வருஷமாக மத்தியானத்துக்கு மேல் வந்தவர்கள். படகு கிடைக்காமல் வந்தவர்கள், மழையில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள், மாட்டுக்கு லாடம் கழன்று வந்தவர்கள். அவர்களில் எத்தனை பேர் சொத்தை இல்லாத காயைக் கொண்டுவந்து, என் பெருக்கல் குறியைப் பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போனார்கள்? போதாதென்று அவர்களைச் சோம்பேறி என்று ஊர் முழுக்கச் சொன்னேனே. டிராமில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் கரி விழுந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கத்தி மழுங்கியதைச் சொன்னேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியாருக்குச் சிரிப்பு வந்ததை என்னால் கேட்க முடிந்தது. கத்தி மழுங்குவது பாவமில்லை என்றார். அது எனக்கும் தெரியும். மழுங்கியதைப் பார்க்காமல், அதற்கு மற்றவர்கள் மேல் ஒரு காரணம் கட்டிவிட்டேன், அதைத்தான் சொல்ல வந்தேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். போதாது என்று தோன்றியது, ஆனால் அவரிடம் பேரம் பேச முடியாது.

என் மனைவியிடம் கத்தி மழுங்கிய அன்று ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் எழுந்து போய் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்து வைத்தாள். "தூக்கிப் பிடிச்சு இழுங்க. படுக்கப் போட்டா வாய் காகிதமாப் போயிடும். காகிதம் எத்தனை முள்ளத் தாங்கும்?" என்றாள்.

"இத்தனை நாளா தெரிஞ்சுமா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? சுரண்டறேன்னுதான சொன்னீங்க."

ஜாடியில் கத்தியைப் போட்டு இழுத்தேன். மெல்லிய வாய் முழுவதும் தேய்ந்து போக மூன்று நாள் ஆயிற்று. பிறகு என் கல்லுக்கு வந்தேன். கத்தியின் முதுகுக்குக் கீழே மூன்று காசை அடுக்கி, அந்த உயரத்தில் பிடித்து இழுக்கப் பழகினேன். கை பழகியதும் காசை எடுத்துவிட்டேன். பிசிறு போக ஜாடியில் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். பெல்ட்டை இடுப்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் முன்னைப்போல் கூர் இல்லை என்று மனசு அடித்துக்கொள்ளும். சாயங்காலம் பார்த்தால் காலையில் இருந்த கூர் அப்படியே இருக்கும். வீட்டில் இருக்கும் எல்லாக் கத்திகளும் இப்போது என் கல்லில்தான். என் மனைவி அதைப் பெரிதாகப் பேசவில்லை, மீன் துண்டு மட்டும் எனக்கு ஒன்று கூடுதலாக விழுந்தது.

தவுக்கே சட்டத்தை மாற்றினார். ஐந்து மூட்டைக்கு ஒரு தடவை, சரக்குக்காரர் கண்முன்னால், நான் கத்தியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து ஒரு பென்சிலைச் சீவிக் காட்டவேண்டும். சுருள் அறாமல் வந்தால் மேலே வெட்டலாம். அறுந்தால் கல்லில் போட்டுவிட்டு வரவேண்டும். எனக்கு வாரத்துக்கு ஒரு பென்சில் காலி. மத்தியான மூட்டைகளும் காலை மூட்டைகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. முன்பு வந்துகொண்டிருந்த சிலரை மட்டும் அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. விசாரித்தேன். ஒருவர் தோட்டத்தை விட்டுவிட்டு அக்கரைக்குப் போய்விட்டார் என்றார்கள். எதற்காக என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் காய் பருவத்தில், ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு வாசலில் அதே மாட்டுவண்டி. பன்னிரண்டு மூட்டை. மாட்டின் நாலு காலிலும் லாடம் பளபளத்தது. புருஷன் வழக்கம்போல் நிழலைத் தேடிப் போனார். அந்த அம்மா வந்து என் பலகைக்கு முன்னால் நின்றாள்.

"ஏம்மா இந்த நேரத்துல?" என்றேன்.

"எட்டு மணிக்கே டவுனுக்கு வந்தாச்சு அண்ணே. பாசார்ல சுத்திட்டு, கோயிலுக்குப் போய்ட்டு, சோறு தின்னுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வர்றோம்" என்றாள். "சோம்பேறிங்கல்ல, அப்படித்தான் வருவோம்."

மூட்டை அடுக்குகிறவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சிரித்தேன். துடைத்தேன், சீவினேன், வெட்டினேன். ஐந்துக்கு ஒரு தடவை நின்று மறுபடி சீவிக் காட்டினேன். நூற்றிருபது காயில் நாலு சொத்தை, நாலிலும் புழு இருந்த ஓட்டையை அவளுக்குக் காட்டினேன். அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தாள். பன்னிரண்டிலும் ஒரே கோடு விழுந்தபோது நாலரை மணி.

சீட்டு எழுதக் கடைசியாக ஒரு தடவை பென்சிலைச் சீவினேன். சுருள் அறாமல் நீளமாக வந்து பலகையில் விழுந்தது. அவள் அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். பிறகு காவிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"பென்சிலுக்கும் ஒரு கோடு போடுங்க கிராணி. அதுவும் முதல் தரம்தான்."

போட்டேன். சீட்டை அந்தப் பென்சிலாலேயே எழுதிக் கொடுத்தேன். அவள் முந்தானையில் முடிந்துகொண்டு வண்டி ஏறினாள். அந்தப் பென்சிலை அதற்கப்புறம் நான் சீவவில்லை. மறுநாள் வேறொன்று வாங்கிக்கொண்டேன்.